பெயருக்குக் கீழே ஒரு கோடு

ஒன்றே கால் மணிக்கு நாங்கள் சாப்பிடுவோம். மஹதி மயிலாப்பூரிலிருந்து கொண்டுவருவதில் பாதி என் டப்பாவுக்கு வரும். நான்கு வருடங்களாக அப்படித்தான். எனக்கு வீட்டில் பேச ஆள் கிடையாது. இதைக் காரணமாகச் சொல்லவில்லை.

தி. நகரில் அய்யாதுரை அண்ணாச்சியின் அச்சகம். அவள் கம்ப்யூட்டரில் பக்கம் அமைப்பாள். நான் அதை லேசர் இயந்திரத்தில் ஃபிலிமாக எடுப்பேன். தொண்ணூற்றேழில் புது இயந்திரம் வந்தது. பழையதன் லேசர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. புதியது சிவப்பு, அரிசி அளவுகூட இல்லாத குறைகடத்திச் சில்லு. அலைநீளம் குறைந்தால் ஒளியை இன்னும் சிறிய புள்ளியாகக் குவிக்கலாம். அரை மில்லிமீட்டர் எழுத்திலும் சுழிகள் அடைபடவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்த அண்ணாச்சி, "எறும்பு வீட்டுக் கல்யாணத்துக்கே பத்திரிகை அடிக்கலாம் போலிருக்கே வே" என்றார்.

அந்த மாதம் மஹதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு அடையாறு. இனி வேலைக்கு வரமாட்டேன் என்றாள்.

அவளுக்கு வலிப்பு உண்டு. ஒருமுறை அச்சகத்திலேயே அது வந்தபோது, தலை தரையில் மோதாமல் பிடித்துக்கொண்டது நான்தான். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். நான் சொல்லவில்லை.

பத்திரிகையை அவளே வடிவமைத்தாள். தன் பெயருக்குக் கீழே மெல்லிய கோடு ஒன்று போட்டிருந்தாள். ஃபிலிம் எடுக்கும்போது அதை நீக்கிவிட்டு, அதே இடத்தில், 'இந்தப் பெண்ணுக்கு வலிப்பு வரும்' என்பதை இடைவெளியில்லாமல் பதினொரு முறை வைத்தேன். வெறும் கண்ணுக்கு அது கோடுதான். அறுநூறு பத்திரிகைகள்.

மொட்டைக் கடிதம் எழுதும் ஆள் நான் இல்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு லென்ஸ் அனுப்பினேன். எங்கே பார்க்க வேண்டும் என்று ஒரு சீட்டு, அவ்வளவுதான்.

காரணம் சொல்லாமல் மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். பத்திரிகை போன வீடுகளுக்கெல்லாம் அவள் அப்பா நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மறுவாரம் அவள் பழைய நாற்காலிக்கு வந்தாள். அன்றே வலிப்பு வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். அடையாறில் யார் பிடித்திருப்பார்கள்?

இப்போது பெங்களூரில் ஒரு வரன் அமைந்திருக்கிறது. அவர்களுக்கும் எதுவும் சொல்லவில்லையாம். புதுப் பத்திரிகையில் அவள் கோடு போடவில்லை. பெயர்களைச் சுற்றி ஒரு வட்டம். அதில் எத்தனை முறை கொள்ளும் என்று பார்த்து வைத்திருக்கிறேன். சற்று முன் அவள் ஃப்ளாப்பியை என் மேஜையில் வைத்தாள்.

"இதையும் நீங்களே எடுத்துக் குடுங்கோ, ரகுபதி சார். ஆத்துல அம்மா சரியாத் தூங்கறதே இல்லை. இந்தத் தடவையாவது நன்னா நடக்குமோல்லியோ?"