மூன்றாவது கும்பிடு

இங்கே தரும் தினைக்கஞ்சியில் உப்பு சரியாக இருக்கிறது, விசாரணை ஐயா. வடக்கு எல்லையில் இருபது வருடம் தளபதியாக இருந்தேன். அரசாங்கம் எனக்கு ஒழுங்காகப் போட்ட முதல் சாப்பாடு இதுதான்.

ஏன் கலகம் செய்தாய் என்று கேட்கிறீர்கள். குளிருக்கு முன்னால் தலைநகரிலிருந்து படைக்குப் பஞ்சடைத்த மேலங்கி வரும். அந்த வருடம் பிரித்துப் பார்த்தால் உள்ளே பட்டுப்பஞ்சு இல்லை, நாணல் பூ. முதல் பனிக்கே நாற்பது பேருக்குக் கால்விரல் கறுத்து விழுந்தது. எனக்கு வயிறு எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது. என் ஆட்களுக்கோ சுரணையே இல்லை. பேரரசர் நல்லவர்தான், நடுவில் எவனோ தின்றுவிட்டான் என்று முனகிக்கொண்டே காலில் கந்தலைச் சுற்றிக்கொண்டு காவலுக்குப் போனார்கள்.

அவர்களுக்கெல்லாம் துவான் ஷுவோ என்றால் உயிர். என் வளர்ப்பு மகன். எங்கள் பக்கம் தளபதிகள் நல்ல வீரனாகப் பார்த்துத் தத்தெடுத்துத் தங்கள் குலப்பெயரைக் கொடுப்பது வழக்கம். தன் அங்கியையும் விரல் போன ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு, நடுங்கிக்கொண்டு என்னிடம் வந்தான். தலைநகர் மேல் படையெடுப்போம் என்றேன். சிரித்தான்.

"போங்கப்பா. அங்கிக்காக நாட்டையே கொளுத்துவாங்களா? அதைக் கொண்டாந்த தூதரோட நானே தலைநகருக்குப் போறேன். கையில எடுத்துக் காட்டுனா நம்பாமலா போயிருவாங்க? ரெண்டே மாசத்துல பஞ்சோட வந்து நிக்கறேன், பாருங்க."

நம்பியிருப்பார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பஞ்சு வந்திருக்கும், எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். என் கோபத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

பயணம் கிளம்பும் மகன் தகப்பன் முன் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட மூன்று முறை கும்பிட வேண்டும். ஷுவோ எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டான். மூன்றாவது முறை குனிந்தபோது வெட்டினேன். கழுத்து மெலிந்திருந்தது. அந்தக் குளிரில் யாருமே சரியாகச் சாப்பிடவில்லை.

அவனைத் தோளில் சுமந்து படைத்திடலுக்குப் போனேன். பஞ்சு கேட்டதற்காக இவனைத் தூதர் வெட்டிவிட்டார் என்றேன். அழுதேன், அது நடிப்பில்லை. விரலில்லாத கால்களோடு என் ஆட்கள் தூதரைத் தேடி ஓடினார்கள். தூதர் துண்டுதுண்டானார். அதற்குப் பிறகு எரிந்த நான்கு நகரங்கள் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

நான் பெற்ற மூன்று பிள்ளைகளையும் நீங்கள் கொன்றுவிட்டீர்கள். கலகக்காரன் பிள்ளைகளுக்குச் சட்டம் அதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நாளை என் தலை விழுந்த பிறகு, சமாதியில் சோறு வைத்து மது ஊற்ற ஒரு மகன் வேண்டாமா? ஷுவோ இருந்திருந்தால் ஒரு வருடம் தவறாமல் செய்திருப்பான். அவனையும் என்னிடமிருந்து பறித்துக்கொண்டீர்களே, ஐயா. அதை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன்.