எங்க ஊர்ப் பரவாயில்ல

இல்லைங்க, யாரும் வரல, தாராளமா உக்காருங்க. கோட்டக் கழட்டி இப்படிக் குடுங்க, பனி சொட்டுது. யாருக்காக வந்திருக்கேன்னா கேக்குறீங்க? எங்க தம்பி ஆர்விட்டுக்குத்தான். இந்த ஆஸ்பத்திரி மாடியிலதான் படுத்திருக்கான். பக்கவாதம். வாய் கோணி, வலது கை விழுந்துபோச்சு.

வயசும் ஆச்சுதான். ஆனா வயசு இல்லைங்க காரணம், அவன் வாய்தான். பண்ணையில நானும் அவனும் மாடுகளும்தான், ரெண்டு பேருமே கல்யாணம் கட்டிக்கல. கொஞ்ச நாளா மாட்டுக்கறியப் பாதியில வச்சுட்டு எந்திரிச்சிருவான். ஏண்டா, என் சமையல் கசக்குதான்னு கத்துவேன். மென்னா தாடை கடுக்குதுன்னு அவன் சொன்னாத்தானே! நெத்திப்பொட்டுல தொப்பி பட்டா வலின்னு வெறுந்தலையோட பால் கறக்கப் போறான், மினசோட்டா ஜனவரிக் குளிர்ல!

கழுத்தப் புடிச்சுத் தள்ளாத குறையா டாக்டர்கிட்ட அனுப்பினேன். அவரு புதுசு, டெக்சாஸ்காரர். எப்படி இருக்கீங்கன்னு கேட்டிருக்காரு. இவன் பரவாயில்லன்னுட்டான். நார்வேயில இருந்து வந்த எங்க கூட்டத்துக்கு அந்த ஒரு வார்த்தைதாங்க. கொட்டகைக் கூரை விழுந்து கால் ஒடிஞ்சாலும் பரவாயில்ல. பழைய டாக்டரா இருந்தா, ஆர்விட்டே டாக்டர் வரைக்கும் வந்து பரவாயில்லன்னு சொல்றானா, அப்ப ஏதோ பெருசுன்னு புடிச்சுப் படுக்க வச்சிருப்பாரு. இவரு அப்படியே நம்பி, தலைவலி மாத்திரை குடுத்து அனுப்பிட்டாரு.

இப்ப சொல்றாங்க, ரத்தக்குழாய் சுவரே புண்ணு மாதிரி செவந்து வீங்கியிருக்காம். அழற்சியாம். பொட்டுல இருந்து மூளைக்குப் போற குழாய் வரைக்கும் வழிய அடைச்சிருச்சாம். எங்க ரத்தத்துல இது ஜாஸ்தியாம், குடும்பத்துலயும் வருமாம். அன்னிக்கே ஸ்டீராய்டு குடுத்திருந்தா வீக்கம் வத்தியிருக்குமாம். அந்த வாயில சூடு போடணும் போல இருக்கு. பாவி, அதுதான் கோணிக் கிடக்கே. காலையில போய் எப்படிடா இருக்கேன்னு கேட்டா, கோணின வாயால முக்கி முக்கி அதே வார்த்தையச் சொல்றாங்க!

என்ன? இல்ல, அவனப் பாக்குற நேரம் முடிஞ்சிருச்சு. இங்க உக்காந்திருக்கறது எனக்காக. ஞாயித்துக்கிழமையில இருந்து தலை சீவ முடியல, இந்தப் பக்கம் சீப்பு பட்டாலே உயிர் போகுது. இந்தக் கண்ணு வேற அப்பப்ப இருட்டிக்கிட்டு வருது. கவுன்டர்ல இருக்கற அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னேனான்னா கேக்குறீங்க? கேட்டாளே, எப்படி இருக்கீங்கன்னு.

பரவாயில்லன்னேன்.

நீங்க கொஞ்சம் எந்திரிச்சுப் போய்ச் சொல்லுங்களேன். எனக்கு வாய் வரமாட்டேங்குது.