எத்தினி நாளா வலி

போட்டுர்றேன் டாக்டர் மேடம், கையெழுத்துப் போடமாட்டேன்னா சொல்றேன்? பேரு கிருபாகரன். பொண்ணு அகல்யா, ஒம்பதாவது படிக்கிறா. அதான் எழுதிட்டீங்களே.

எத்தினி நாளா வலின்னு கேட்டீங்க. சொல்றேன். அதச் சொல்லணும்னா கொஞ்சம் முன்னாடிலேர்ந்து வரணும். ஆவடி மார்க்கெட்டாண்ட நமக்கு ஜெராக்ஸ் கடை, டைப்பிங்கும் பண்றோம். தபால்ல சைக்காலஜி படிக்கிறவங்க அசைன்மெண்ட் பூரா நம்ம கைலதான். பன்னெண்டு வருசமா அதே கேள்வி மேடம், நவீன உளவியலின் முக்கியப் பிரிவுகளை விளக்குகன்னு. கண்ண மூடிகினு அடிப்பேன். ஒருத்தர் சொல்றாரு, அல்லாம் சின்ன வயசுலயே மனசுக்குள்ள போய்ப் பூந்துகினு கீது, கனவுலதான் வெளிய வரும்னு. இன்னொரு கோஷ்டி, உள்ள இன்னா கீதுன்னு எவன் பாத்தான், வெளிய இன்னா பண்றான்னு மட்டும் பாரு, நல்லது பண்ணா பரிசு குடு, அடம் புடிச்சா கண்டுக்காத, தானா நின்னுடும்ன்றான். மூணாவது ஆளுங்க...

வரேன் மேடம், வரேன். ஆபரேஷன் தியேட்டர் ரெடியாவ அஞ்சு நிமிசம்னீங்களேன்னுதான்.

எனக்கு அந்த ரெண்டாவது பார்ட்டிதான் புடிக்கும். கறாரா இருக்கும். கடைக்கு வர்றவங்களுக்கே சொல்லுவேன், கொழந்த அழுவுதா, திரும்பிப் பாக்காதீங்கன்னு. என்னியப் புரொபசர்னுதான் கூப்டுவாங்க.

அரையாண்டுப் பரீட்சைல, கணக்கு அன்னிக்கு, அகல்யா வயித்து வலின்னு படுத்துகினா. லீவு போடச் சொன்னோம். பத்து மணிக்குப் பாத்தா டிவி முன்னாடி குந்திகினு முறுக்கு துன்றா. வலின்னா லீவு கெடைக்கும்னு நாமளே பழக்கிட்டோம்டான்னு அப்பவே நெனச்சேன். இந்தத் திங்கக்கிழமை மறுபடியும் கணக்கு, மறுபடியும் வயிறு. கோமளா, எம் பொஞ்சாதி, அதோ பெஞ்சுல குந்திகினு கீறாளே, எம் மூஞ்சியப் பாக்கமாட்டேன்றா, அவ அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போலாம்னா. நான்தான் தடுத்தேன். வயிறுன்னு பேச்செடுத்தா எழுந்து போய்டணும், யாரும் கண்டுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டேன். அழுதுகினே போய்ப் பரீட்சை எழுதிட்டு வந்தா. மறுநாளும் அழுதா, பரீட்சைதான் முடிஞ்சுபோச்சே, அப்பவாச்சும் எனக்கு ஒறைக்க வேணாமா? நான் டைப் அடிச்ச பக்கத்துல கீது மேடம், மொதல்ல ஜாஸ்தியா அழுவும், அப்பறம் நின்னுடும்னு. சரியாத்தான் போய்கினு கீதுன்னு உட்டுட்டேன்.

மூணு நாளு மேடம். எழுதிக்குங்க. இன்னியோட மூணு நாளு.

இன்னிக்குக் காலைல அவளே வந்தா. வலிக்கலப்பான்னா. பாத்தியான்ற மாரி கோமளாவப் பாத்து சிரிச்சேன். இப்ப நீங்க சொல்றீங்க, குடல்வால் உள்ள வெடிச்சா கொஞ்ச நேரம் வலி கொறையும்னு. அது அசைன்மெண்ட்ல இல்ல மேடம். ஆனா மூணாவது ஆளுங்க சொன்னது கீது, அடுத்த பக்கத்துலயே. அந்த ஆளு சொல்றத முழுசாக் கேளு, அவனுக்கு இன்னா பண்ணுதுன்னு அவனுக்குத்தான் தெரியும்னு. எத்தினி வாட்டி அடிச்சிருப்பேன் அத.

இன்னா மேடம்? கடைசியா இன்னா சாப்ட்டாளா? மயக்க மருந்து குடுக்கணும்னா கேக்குறீங்க? மத்தியானம் ஸ்கூல்ல மயங்கி உழுந்ததுலேர்ந்து தண்ணி கூட இல்ல. காலைல இட்லியும் வாணாம்னுட்டா.

ஒரு சாக்லேட்டு. எட்டு மணி இருக்கும். வலிக்கலன்னு சொன்னா இல்ல, அதுக்குப் பரிசா நான்தான் வாங்கிக் குடுத்தேன்.