சுவர் பொது, நெற்றி சொந்தம்

அவையை அலங்கரிக்கும் பாடசாலை அதிபர் ஜீவராணி அம்மையார் அவர்களே, தேயிலைத் தோட்டத்துப் பெரியோர்களே, கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு ஓடிவந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, குளிரிலும் மலர்ந்திருக்கும் குழந்தைச் செல்வங்களே! பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர் சுதாகரனின் வணக்கம்.

புதிய மண்டபம் திறந்துவிட்டோம். ஆனால் மண்டபம் எழும் முன்பே மனங்களுக்கு நடுவே ஒரு மதில் எழப் பார்த்ததே, மறந்துவிட்டோமா? பின்வரிசையில் ஓர் அம்மா "மறக்கலீங்க!" என்கிறார். நன்றி தாயே, மறக்கவும் கூடாது!

அன்று பெற்றோர் கூட்டம். தம்பி கஜேந்திரன் எழுந்தார்.

"மண்டபத்து நடுச் சுவருல சரஸ்வதி சிலை வைக்கணும். முக்காடு போட்டு வர்ற புள்ளைங்க அத எடுத்துட்டு வரட்டும். எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும்ல?"

கைதட்டல் அதிர்ந்தது. தலவாக்கலையில் துணிக்கடை வைத்திருக்கும் பைஸர் எழுந்தார். சினம் இல்லை, சீற்றம் இல்லை.

"சிலைய வைங்க, நான் குறுக்க நிக்கல. ஆனா எம்மக ரினோஸா முக்காடு இல்லாம வரமாட்டா. வேற பள்ளிக்கூடம் பாத்துக்கிறோம்."

சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தார். அப்போது மீனம்மா எழுந்தார்.

"பைஸர் அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. தம்பி கஜேந்திரா, போன வருசம் எம்மக வினோதா வெளியூருக்குப் பரீட்ச எழுதப் போனா. 'நெத்தியத் தொடச்சிட்டு உள்ள போ'ன்னு வாசல்லயே சொல்லிட்டாங்க. துண்ணூற அழிச்சிட்டுத்தான் எழுதுனா. வீட்டுக்கு வந்து எம்மடியில விழுந்து அழுதா."

கஜேந்திரன் துடித்துப்போனார். "இத ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்ப?"

"சண்டைக்குப் போயிருப்பேன்!"

"அவரு சண்ட போடாம போறாரு. அதப் பாரு."

கஜேந்திரன் மெல்ல நடந்து, வாசலில் நின்ற பைஸரின் கையைப் பற்றினார். "அண்ணே, நான் யோசிக்காம பேசிட்டேன். வந்து உக்காருங்க."

அந்தக் கூட்டத்திலேயே முடிவெடுத்தோம். கலைமகள் பக்கத்து அறையில் வீற்றிருப்பாள். விரும்பும் பிள்ளை வணங்கட்டும். மண்டபச் சுவரோ வெறுமையாகவே இருக்கட்டும். திருநீறா? பூசி வா! முக்காடா? போட்டு வா! சிலுவையா? அணிந்து வா! சுவர் எல்லாருக்கும் பொது. நெற்றி அவரவர் சொந்தம்! ஒரு பிள்ளையின் அடையாளத்தை அழித்துவிட்டு அந்தப் பிள்ளைக்கு அகரம் கற்பிக்க முடியுமா? முடியாது, முடியாது, முடியவே முடியாது!

சற்றுமுன் இந்த மேடையில் வரவேற்புப் பாடலுக்கு வினோதாவும் ரினோஸாவும் ஒலிவாங்கிக்காக முட்டிக்கொண்டார்களே, பார்த்தீர்களா? இனி இந்தப் பாடசாலையில் அந்தச் சண்டை மட்டும் நடக்கட்டும்!

மழை இறங்குமுன் அனைவரும் தேநீர் அருந்திச் செல்லுங்கள். செவிகொடுத்த உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம்!