ஆற்றுப் பனியில் நிறுத்திய கார்

காபியில் பால் விட்டால் எனக்குக் குரல் கட்டிக்கொள்ளும், வக்கீலம்மா. கடுங்காப்பியே போதும். வருஷக்கணக்கில் இந்த ஊர் என் ரேடியோ நிகழ்ச்சியைக் கேட்டுத்தான் கண் விழிக்கிறது. குரலைப் பத்திரமாக வைத்துக்கொள்வது என் கடமை. விசாரணைக் குழு கேட்பதை எல்லாம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் வின்னிபெக் நகரத்துக்காரர், எங்கள் கார்ப் பந்தயம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. குளிர்காலத்தில் ஆறு உறைந்ததும், எஞ்சின் கழற்றிய ஒரு பழைய காருக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து நடு ஆற்றில் நிறுத்திவிடுவோம். பனி இளகி அது எந்த நாள் முழுகும் என்று ஊரே பந்தயம் கட்டும். வசூல் ஹாக்கி அரங்கின் கூரையைப் பழுதுபார்க்கப் போகும். பனி அசைகிறது என்று ரேடியோவில் நான் சொன்னதும் எல்லோரும் பிளாஸ்க்கும் டோனட்டுமாகக் கரைக்கு வந்துவிடுவார்கள். எங்களுக்கு இருக்கிற ஒரே திருவிழா அது.

மார்த்தா ஃபெடோருக் அதைத்தான் நிறுத்தச் சொன்னார். பல்கலைக்கழகத்துப் பேராசிரியை. ஆற்றுப் பனியைத் தவிர வேறெதையும் படித்ததில்லை. மாசி முழுக்க ஆற்றில் துளை போட்டு அளந்துவிட்டு என் நிகழ்ச்சிக்கு வந்தார். ஆறு வடக்கே ஓடுகிறது. தெற்கே இந்த வருஷம் பனி சீக்கிரம் உருகிவிட்டது. இங்கே இன்னும் கல்லாக இருக்கிறது. வருகிற வெள்ளம் அதைப் பெயர்த்துக்கொண்டு போய் ரயில் பாலத்தில் அடைக்கும். பிறகு தண்ணீர் கரையோரம் தாழ்வாக இருக்கும் பள்ளத்தெருவுக்குள்தான் திரும்பும். தெருவைக் காலி செய்யுங்கள், கரையில் கூடாதீர்கள் என்றார்.

எனக்கு உடனே புரிந்தது. அவர் தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் காலை வேளையில் அதை யார் கேட்பார்கள்? ஆகவே அவருடைய ஆரஞ்சுத் தொப்பியைப் பற்றிக் கேட்டேன். நாளெல்லாம் பனியில் நின்றால் வீட்டில் புருஷனுக்கு யார் சமைக்கிறார்கள் என்று கேட்டேன்.

“எனக்குக் கல்யாணம் ஆகலைங்க. பனியைப் பத்திப் பேசலாமா?”

“கோவிச்சுக்காதீங்க மார்த்தா. கொஞ்சம் சிரிச்ச முகமா சொன்னா ஊரே கேக்குமே!”

அன்று சிரித்துப் பாராட்டியவர்களால் தொலைபேசி ஓயவில்லை. மறுநாளிலிருந்து ‘மார்த்தாவின் இன்றைய பயம்’ என்று தினமும் ஒரு பகுதி வைத்தேன். எனக்குப் பலகுரல் நன்றாக வரும். அதே துறையிலிருந்து போன வருஷம் பீட்டர் என்பவர் மீன்களைப் பற்றிப் பேச வந்திருந்தார். அவரை மூச்சுக்கு மூச்சு ‘டாக்டர்’ என்றேனாம், இவரை மட்டும் பெயர் சொல்லி அழைத்தேனாம். நீங்கள் பதிவைப் போட்டுக் காட்டிய பிறகுதான் கவனித்தேன்.

ஒரு நாள் ஆர்னி தீசன் போன் செய்து நேரலையில் வந்தார். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பள்ளத்தெருக்காரர். மனைவி ஹில்டாவால் எழுந்து நடக்க முடியாது.

“டேரல், வெளையாட்டு இருக்கட்டும்ப்பா. அந்தம்மா சொல்றதுல ஏதாச்சும் விஷயம் இருக்கா? ஹில்டாவைக் கெளப்பணும்னா எனக்கு முன்னாடியே தெரியணும்.”

நான் மார்த்தாவின் குரலில், “ஐயையோ ஆர்னி, ஓடுங்க, ஓடுங்க! என் தொப்பி நனையுது!” என்றேன். ஆர்னி வயிறு குலுங்கச் சிரித்தார். “நீ திருந்தவே மாட்டடா” என்று சொல்லி போனை வைத்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அன்று மத்தியானம் என் வண்டியை மேட்டில் இருக்கும் தேவாலயத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டேன். என் வீட்டு நிலவறையிலிருந்த ஃப்ரீசரையும் அம்மாவின் படங்களையும் மேலே ஏற்றினேன். ஒரு ஜாக்கிரதைக்குத்தான்.

பிறகு மார்த்தா ஸ்டுடியோவுக்கு போன் செய்தார். நேரலைக்காக அல்ல. குரல் உடைந்திருந்தது.

“என்னை எவ்வளவு வேணா கிண்டல் பண்ணிக்கோங்க டேரல். என் பேரே வேண்டாம். பீட்டர் வந்து பேசட்டும், நான் எழுதித் தர்றதை அவர் படிக்கட்டும். ஆம்பளை கொரல்ல சொன்னாலாவது கேப்பாங்க இல்ல? கெஞ்சிக் கேக்கறேங்க.”

பார்க்கலாம் என்றேன். ஸ்டுடியோவுக்கு வரும் அழைப்பெல்லாம் தானாகவே பதிவாகும். மறுநாள் காலை அந்தப் பதிவை, பின்னால் ஒரு சோக வயலின் சேர்த்து ஒலிபரப்பினேன். அழாமல் பேசத் தெரியாதவருக்கு ஆறு எப்படிப் பதில் சொல்லும் என்று மட்டும்தான் கேட்டேன். இந்த வருஷத்தின் சிறந்த நிகழ்ச்சி அதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அன்றைக்கே பனி அசைந்தது. வழக்கம்போல அறிவித்தேன். ஊர் கரையில் கூடியது. கார் முழுகவில்லை. பனிக்கட்டிகள் அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போய்ப் பாலத்தில் செருகின. ஜனங்கள் கைதட்டினார்கள். அப்புறம் ஆறு பள்ளத்தெருவுக்குள் திரும்பியது. மார்த்தா சொன்ன வழியிலேயே வந்தது.

மார்த்தா அப்போது அந்தத் தெருவில்தான் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தாராம். சிலர் வெளியே வந்தார்கள், பிழைத்தார்கள். ஆர்னி ஜன்னலைத் திறந்து, நான் செய்கிற அதே குரலில், “என் தொப்பி நனையுது!” என்று சொல்லிச் சிரித்துவிட்டுச் சாத்திக்கொண்டாராம். ஹில்டாவும் அவரும் சமையலறையில் கிடந்தார்கள். அலமாரி மேல் பேட்டரி ரேடியோ பாடிக்கொண்டிருந்ததாம். ஆர்னிக்கு மட்டுமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருவரிடம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். ‘இன்றைய பயம்’ பகுதியைப் பிறகு எப்படி நடத்துவது?

மார்த்தாவை நம்பினேனா என்று கேட்கிறீர்கள். முதல் நாளே நம்பினேன். அவர்கள் இருவரும் செத்தது என்னால்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. அவருடைய ஆராய்ச்சியை நான் ஒரு சொல்கூடக் குறை சொன்னதில்லை. எல்லாப் பதிவுகளையும் போட்டுக் கேளுங்கள்.

இன்னொன்று, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் வக்கீலம்மா. இதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள், உங்கள் குரல் ஏறிக்கொண்டே போகிறது. கொஞ்சம் சிரித்த முகமாகக் கேட்டால், ஊரே கேட்கும்.