இடது காலும் கணினியும்

செவ்வாய்க்கிழமை காலை 10.40. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் மின்தூக்கிக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால், வலது முழங்காலுக்குக் கீழே கால் இல்லாத ஒருவரின் சக்கர நாற்காலியை அவர் மனைவி பிடித்திருந்தார்.

“இல்லாத காலு வலிக்குதுன்னு புது கம்ப்யூட்டரா? நல்லா இருக்குங்க,” என்றார் மனைவி.

“கேம் விளையாடவா கேக்குறேன்? பழசுல விஆர் ஓடாதுலா. ஹெட்செட்ட கண்ணுல மாட்டுனா படத்துல ரெண்டு காலும் தெரியும், வலி அடங்கும்னு தெரபிஸ்ட்டே சொன்னாங்கல்ல.”

“போன காலு எப்படித் தெரியும்?”

“இடது கால ஆட்டுனா, அதையே காப்பி பண்ணி வலது பக்கமும் காட்டும்.”

மனைவி குனிந்து, அவருடைய இடது பாதத்தில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தார்.

“அப்ப வெள்ளிக்கிழம வரைக்கும் பொறுங்க. இந்தக் கால வைக்கிறாங்களா, எடுக்கிறாங்களான்னு டாக்டர் சொல்லட்டும். அப்புறம் வாங்கலாம்.”