நாலு மூலை மஞ்சள்

அந்தத் தூக்குவாளிய அப்பிடி அங்கிட்டு வையி பாண்டிமீனா. வச்சாச்சா? இப்ப உக்காரு. வாரேன் போறேன்னு எந்திரிக்கிற சோலியே வேணாம். வாசல்ல செருப்பக் கழட்டும்போது என்னமோ சொன்னியே, அத இப்ப என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சியா? கண்ணுலதான் புரை. காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு.

ஆங், அதேதான். தெரியாமத்தானே செஞ்சீங்க, மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க அக்கா.

இந்தத் தெருவுல எத்தன வீடு? இருபது இருக்குமா? மூணு நாளா இருபது வீடும் வரிசையா வந்து இதே பாட்டத்தான் பாடுது. செத்தது என் மருமக லானோட அம்மா, அங்க வியட்நாம்ல. துக்கம் கேக்கணும்னா மாடிக்குப் போயி லானுகிட்டக் கேளுங்க. அவளுக்குத் தமிழு அரைகொறைதான், ஆனா கையப் பிடிச்சாப் புரியாதா? அதச் செய்ய ஒருத்திக்கும் துப்பில்ல. எங்கிட்ட வந்து, பாவம், பெரியவுக, பக்தில பாஸ்போர்ட்டுக்கு மஞ்சத் தடவிட்டாக, அவுகளுக்கு என்ன தெரியும்னு ஆறுதல் சொல்லுறீங்க. யாருக்கு என்ன தெரியாதுங்கிற?

கையை எடு. தொட்டுப் பேசாத.

நான் என்ன வேல பாத்தேன்னு உனக்குத் தெரியுமா? கவுர்மெண்டு வேல தெரியும். எந்த ஆபீஸு? பத்திர ஆபீஸு. முப்பத்தோரு வருசம். கிரையம், தானம், பாகம் பிரிக்கிறது, உயிலு, எல்லாப் பத்திரமும் எங்கையத் தாண்டித்தான் உள்ள போகணும். ஒரு தடவை டி. கல்லுப்பட்டிப் பக்கத்துலருந்து பேயாண்டின்னு ஒரு ஆளு வந்தாரு. நிலம் வாங்குறாரு, சந்தோசத்துல பத்திரத்தக் கொண்டுபோயி சாமி காலடில வச்சு மஞ்சளும் குங்குமமும் அப்பிக் கொண்டாந்துட்டாரு. சர்வே நம்பரு மேல அம்புட்டும் அப்பிக் கெடக்கு. திருப்பி அனுப்பிட்டேன். சாமிக்கு வச்சேன் தாயின்னு கையெடுத்துக் கும்புடுறாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? நாலு மூலைல வையிங்கய்யா, யாரு வேணாங்கிறா. எழுத்து மேல வச்சா அது பத்திரம் இல்ல, வெறும் காயிதம். நல்ல நேரம் போயிருச்சுன்னு அந்தாளு படில உக்காந்து அழுதாரு. எனக்கு எரக்கம் வரல. சட்டம்னா சட்டம்தான்.

அப்பிடி இருந்த எனக்கு, இந்த ஹம்சவேணிக்கு, ஒண்ணும் தெரியாதுன்னு நீங்க சொல்றீங்க.

இரு, முழுசாக் கேளு. நீ போயி நாளைக்கு ஊரு பூரா சொல்லத்தான போற, ஒழுங்கா கேட்டுட்டுப் போயிச் சொல்லு.

எங்க வீட்டுக்காரரு போனது ஞாபகம் இருக்குல்ல? நீதான் பக்கத்துல இருந்த, இல்லைங்கல. எம்மகன் கார்த்திகேஷு அப்ப வியட்நாம்ல ஷூ கம்பெனில இருந்தான். டிக்கெட்டுக் கெடைக்கல, மழைங்கிறான், ப்ளைட்டு லேட்டுங்கிறான். ரெண்டு நாளு ஐஸ் பொட்டில வச்சுக்கிட்டு நான் வாசலப் பாத்துக்கிட்டே கெடந்தேன். வந்து நின்னான், அப்பா மொகத்தப் பாத்தான், அதுக்கப்புறம் நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. இனிமே என்னைய விட்டுட்டுப் போயிறாதடா. சரிம்மான்னான். பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு இங்கயே வந்துட்டான். மதுவந்தி பெறந்தது இங்கதான். எங்க சௌராஷ்டிராப் பாசையில எங்கூடச் சண்டை போடுறா, ரெண்டு வயசுக்கு அம்புட்டு வாயி.

லானும் நல்ல புள்ளதான். அதச் சொல்ல எனக்கென்ன? எங்க பாசைய அவ உன்னையவிட வேகமாக் கத்துக்கிட்டா. நீ முப்பது வருசமா எதுத்த வீடு, ஒரு வார்த்தை தெரியுமா? அவ என்னைய எங்க பாசையிலதான் அம்மான்னு கூப்புடுறா.

சிரிக்காத. எனக்குப் பத்திக்கிட்டு வருது.

போன மாசம் அவ அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லைன்னு போன் வந்துச்சு. மூணு பேரும் போயிட்டு வாரோம்மா, இருவது நாளுன்னான் கார்த்திகேஷு. நான் நம்பல. அதுக்கு முந்துன வாரம்தான் வீடியோல அந்தம்மா பேத்தியப் பாத்துச் சிரிச்சிச்சு, கைய ஆட்டுச்சு. ஒடம்பு சரியில்லாதவ சிரிப்பாளா? சரி, அத விடு. மேசை மேல டிக்கெட்டு கெடந்துச்சு, எடுத்துப் பாத்தேன். உங்களுக்கெல்லாம் நான் ஒண்ணும் தெரியாத கெழவிதான? ஆனா பேப்பரப் பாத்தா எனக்குக் கண்ணு அதுவாப் போகும், முப்பத்தோரு வருசப் பழக்கம். மூணு டிக்கெட்டு. மூணும் போறதுக்கு. திரும்பி வர்றதுக்கு ஒண்ணுகூட இல்ல.

நீயா இருந்தா என்ன நெனைப்ப? சொல்லு. என்ன, அவன்கிட்டயே கேட்டிருக்கலாம்கிறியா?

கேட்டிருக்கலாம்தான். பெத்த மகன்கிட்டப் போயி, திரும்பி வருவியாடான்னு கேக்கணுமா? என் வாயில வரல. கேட்டு, அவன் வரமாட்டேன்னு சொல்லிட்டா நான் என்ன செய்யுறது? அதுக்குக் கேக்காமலே இருந்துறலாம்.

வெள்ளிக்கெழமை காலைல ப்ளைட்டு. பாஸ்போர்ட்ட எல்லாம் எடுத்துச் சாமிகிட்ட வையிங்கன்னு நாந்தான் சொன்னேன். நம்ம வீடுகள்ல செய்யுறதுதான, கார்த்திகேஷு மூணையும் கொண்டாந்து தட்டுல வச்சுட்டுக் குளிக்கப் போனான். அப்புறம் கதை ஒனக்குத் தெரியும். ஏர்போர்ட்டுல அந்தக் கவுண்டர்ப் பொண்ணு லானோட பாஸ்போர்ட்ட விரிச்சுப் பாத்துட்டு, இது டேமேஜு, இத வச்சு ஏத்த முடியாதுன்னுட்டா. கார்த்திகேஷு கத்துறான், பெரிய ஆபீஸர் வரைக்கும் போறான், ஒண்ணும் நடக்கல. மத்தியானம் மூணு பேரும் பெட்டியோட திரும்பி வந்து இந்த வாசல்ல நின்னாக. எனக்கு எப்பிடி இருந்துச்சு தெரியுமா? நெஞ்சு நெறஞ்சு போச்சு. பொய் சொல்லல. அன்னைக்குப் பாயாசம் வச்சேன்.

அதுக்கப்புறம்தான் வெவகாரம். புது பாஸ்போர்ட்டு அவுக தூதரகத்துல, டெல்லில. பழசுலதான் நம்ம நாட்டு விசா ஒட்டியிருக்கு, அது போச்சுன்னா வெளிய போறதுக்கே தனியா அனுமதி வாங்கணுமாம். இவன் ராத்திரி பகலா கம்ப்யூட்டர்லயே கெடந்தான். ஃபாரம் போடுறான், போட்டோ போடுறான், கல்யாணப் பத்திரம் கேக்குறாங்கிறான். எத்தன நாளுடா ஆகும்னேன். பதினஞ்சு நாளுன்னான். சரி, பதினஞ்சு நாளு எம்புள்ள எங்கூட இருக்கும்னு நெனச்சேன்.

பதினோராம் நாளு அந்தம்மா போயிருச்சு.

லானு போன்லயே பாத்தா எல்லாத்தையும். அடக்கம் பண்ணுறத, மண்ணு போடுறத. போனத் தண்ணிக் கூசா மேல சாத்தி வச்சு, அது முன்னாடி மண்டி போட்டு, நெத்தி தரையில படக் கும்புட்டா. நான் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தேன். எந்திரிச்சு வந்து என்னையக் கட்டிக்கிட்டு அழுகுறா பாண்டிமீனா, எங்கிட்ட. நீங்க அழாதீங்கம்மா, நீங்க சாமிக்குத்தான வச்சீங்கன்னு எனக்கு ஆறுதல் சொல்லுறா. அன்னைலருந்து சோறு எறங்கல எனக்கு. நீ கொண்டாந்த இட்லிய வேணா நாய்க்குப் போடு.

டிக்கெட்டா? அதையும் அன்னைக்கு ராத்திரி கார்த்திகேஷு தானாச் சொன்னான். நான் கேக்காமலே. அத்தை எத்தன நாளு தாங்குவாகன்னு டாக்டருக்கே தெரியலம்மா, அதான் திரும்பி வர்ற தேதி போடலன்னான். அம்புட்டுத்தான் வெசயம். சாவுக்குத் தேதி போட்டா டிக்கெட்டு எடுப்பாக?

என்ன அப்பிடிப் பாக்குற? இன்னும் ஏறலையா மண்டையில? மஞ்சள நாலு மூலைலதான வச்சிருப்பீங்க, அது எப்பிடி எழுத்து வரைக்கும் ஊறுச்சுன்னு கேக்குறியா?

மூலைல வைக்கல. எழுத்து மேல வச்சேன். அவ போட்டோ இருக்க பக்கத்த விரிச்சு, நம்பரு மேல கொழகொழன்னு அப்பி, ஈரத்துணிய வச்சு நல்லாத் தேச்சுத் தொடச்சேன். அப்புறம் விசாப் பக்கம். அவன் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள மூடி, மேல ஒரு செம்பருத்தியும் வச்சுட்டேன். கூசாம செஞ்சேன். எந்த எடத்துல கறை பட்டா எந்தக் காயிதம் செல்லாதுன்னு இந்தத் திருநகர்ல என்னையவிட எவளுக்குத் தெரியும்? இனிமே தெரியாமச் செஞ்சான்னு எவளாவது சொன்னா அவ கன்னத்துலயே வைப்பேன், உன்னையும் சேத்துத்தான்.

அழாத. நீ எதுக்கு அழுகுற? எந்திரி. உனக்கு ஒரு வேல இருக்கு.

இந்தக் கவர என் இடுப்புலருந்து உருவு. கூரியர்தான். காலைல பதினோரு மணிக்கு வந்துச்சு, நாந்தான் கையெழுத்துப் போட்டு வாங்குனேன். அவளோட புது பாஸ்போர்ட்டு. வெளிய போற அனுமதியும் நேத்தே வந்துருச்சு. அவுக ஊர்ல நாப்பத்தொம்பதாம் நாள் காரியந்தான் பெருசாம், இன்னும் நாளு இருக்கு, அதுக்காவது போயிச் சேரட்டும். இப்ப மணி நாலாச்சு. மாடில யாருக்கும் இது வந்தது தெரியாது. ரெண்டு தடவை சாமி ரூம் கதவு வரைக்கும் போயிட்டு வந்துட்டேன், மஞ்சக் கிண்ணம் அங்கனயேதான் இருக்கு.

அதான் சொல்றேன், பிடி. நேரா மாடிக்குப் போ. அவ கையிலயே குடு. குடுக்கும்போது நான் இப்ப சொன்னதையும் சொல்லிரு, எனக்கு அவ மொகத்தப் பாத்துச் சொல்ல வாயி வரல. போ, சீக்கிரம் போ. படி ஏறும்போது நான் கூப்புட்டாலும் நிக்காத.